உரிக்காத திரை

புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் தொழில். வீட்டிலிருந்தபடியே செய்கிறேன். பழைய மானிட்டரில் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் மங்கி, பதிப்பாளரிடம் திட்டு வாங்கிய பிறகு, நல்ல ஃபோர்கே (4K) மானிட்டர் தேடி மலைமேலிருக்கும் காவலூரிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கினேன்.

கடைக்காரர் கையில் மஞ்சள் துணி இருந்தது. பேசும்போதெல்லாம் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார். ஆனால் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாளை ஒரு மானிட்டரிலிருந்தும் உரித்ததில்லை. குமிழ் குமிழாகக் கிடந்த அந்தத் தாளைத்தான் பக்தியோடு துடைத்தார்.

"இன்னா கேம் ஆடுவீங்க?"

"கேம் இல்லீங்க. எழுத்து படிக்கணும்."

"எழுத்துதானே. அது எதுல பாத்தாலும் ஒண்ணுதாங்க. இத்தப் பாருங்க" என்று திரையில் ஒரு புலியை ஓடவிட்டார்.

நான் பென்டிரைவில் கொண்டுபோன பக்கத்தைத் திறந்தேன். பஜ்ஜி மடித்த காகிதத்தில் படிப்பது போலிருந்தது.

"அந்தத் தாளை எடுத்துட்டுக் காட்டுங்க."

"எடுத்தா பழசாய்டுங்க. வாங்கி, வூட்டுக்குப் போய்ட்டு உரிச்சிக்குங்க."

"பாக்காம எப்பிடிங்க வாங்கறது?"

விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடியில், கண்ணாடிக் கடையில் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. கண்ணாடியைக் கழற்றி, ஸ்டிக்கரின் மேலேயே மஞ்சள் துணியால் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

நான் வாங்காமலே பஸ் ஏறினேன். அந்தக் கடைக்கு நேரெதிரே ஜவ்வாது மலை நிற்கிறது. அதையாவது அவர் பார்த்திருப்பாரா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.