தோளில் இரண்டு நட்சத்திரம்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். இன்று டெக்சஸில் மூன்று மளிகைக் கடை என் பெயரில் ஓடுகிறது. மருமகள் நர்ஸ் என்பது மட்டும் குறையாகப் பட்டது. நாங்கள் குடியிருக்கும் ஆலன் நகரில் எல்லோரிடமும், அவள் எதிரிலேயே, டாக்டர் என்று சொல்லிவந்தேன்.

ஒருநாள் நானும் மருமகளும் பக்கத்து வீட்டுக் கனடாக்கார அம்மாவைப் பார்க்கப் போனோம். சுவரில் பழைய போட்டோ. தலையில் வெள்ளைத் துணி, தோளில் இரண்டு பித்தளை நட்சத்திரத்தோடு ஒரு பெண்.

"யாரும்மா இது, பெரிய ஆபீசரா?" என்று மருமகளிடம் கேட்டேன்.

மருமகள் விசாரித்துச் சொன்னாள். "இவங்க அம்மாவாம், மாமா. உலகப் போர்ல லெப்டினன்ட். சிப்பாய்ங்க சல்யூட் அடிப்பாங்களாம்." கொஞ்சம் நிறுத்தி, "நர்ஸ்தான் மாமா" என்றாள்.

பொங்கல் விழாவில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட நினைத்து அவளையும் விழாவுக்குக் கூப்பிட்டேன்.

"டூட்டி இருக்கு மாமா. யாராவது கேட்டா, டாக்டர் பிஸின்னு சொல்லிடுங்க."