மத்தியான நித்திரைக்கு வந்த குரல்

என் கணவர் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்குச் சாப்பிட வருவார். காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் மனேஜராக இருக்கிறார். வெள்ளவத்தையில் எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கை அந்தக் கடையிலிருந்து ஏழு நிமிட நடை. ஒன்று இருபதுக்குச் சாப்பாடு முடியும். ஒன்று ஐம்பதுக்குத் திரும்பவும் செருப்பைப் போடுவார். அவர் இரண்டு மணிக்குப் போய்க் காசு மேசையில் இருந்தால்தான் முதலாளி எழும்பிச் சாப்பிடப் போகலாம். அந்த மேசையில் இவரைத் தவிர வேறு ஒருவரையும் முதலாளி இருத்த மாட்டார். பதினொரு வருடமாக அப்படித்தான்.

இடையில் உள்ள அரை மணித்தியாலம் என்னுடையது என்று நினைத்திருந்தேன். அவர் கட்டிலில் சரிவார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கதைப்பேன். லிஃப்ட் பழுதானது, மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து எங்கள் சுவரில் ஈரம் இறங்குவது, அவருடைய அக்கா அனுப்பிய செய்தி. சில நாள் அவர் கண்ணயர்வார். ஒன்று ஐம்பதுக்குக் காலைத் தட்டி எழுப்புவேன். இரவு எட்டு மணிக்கு வரும்போது அவர் களைத்துப்போய் வருவார். அப்போது அவரோடு கதைப்பது சுவரோடு கதைப்பதுபோல. ஆகவே ஒரு நாளில் எனக்குக் கிடைத்த கணவர் அந்த முப்பது நிமிடம்தான்.

சென்ற வருடம் அவருக்கு பிரஷர் கூடியது. நித்திரை போதாது, மத்தியானத்தில் கொஞ்சமாவது படுங்கள் என்றார் டாக்டர். மெல்பேர்னில் இருக்கும் எங்கள் மகள் இதைக் கேட்டுவிட்டு, அவருடைய ஃபோனில் நித்திரைக்கான ஒரு செயலியை இறக்க வைத்தாள். எத்தனை நிமிடம் படுக்கப் போகிறோம் என்று அதில் குறிக்க வேண்டும். பிறகு கடல் இரைவது போன்ற இசை வரும். இசைக்கு மேல் ஒரு பெண் கதைப்பாள்.

முதல் நாள் ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். தோளைத் தளர விடுங்கள், தாடையைத் தளர விடுங்கள், இப்போது நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவசரமே இல்லாத குரல். என் கணவருக்கு ஆங்கிலம் பில் எழுதும் அளவுக்குத்தான் வரும். ஆனாலும் அவருடைய தாடை தளர்ந்தது. வாய் கொஞ்சம் திறந்தது. அடுத்த நாளிலிருந்து இயர்ஃபோன் போட்டுக்கொண்டார். அதை நிறுத்தும்வரை ஃபோன் எவருடைய அழைப்பையும் உள்ளே விடாது. அதுவும் அந்தச் செயலியின் ஏற்பாடு.

நான் முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவள். அந்த வாரப் பக்கங்களில் இப்படி இருக்கிறது: “திங்கள். 1.22 படுத்தார். 1.27 குறட்டை. செவ்வாய். 1.21 படுத்தார். 1.25 குறட்டை.” புதன்கிழமை நான்கு நிமிடத்துக்கும் குறைவு. லிஃப்ட்காரன் வந்து பார்த்துவிட்டுப் போனதைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் ஒரு விரலை உயர்த்தினார். நாளைக்குச் சொல்லலாம் என்பது அதன் பொருள். அவளுக்காக என்னை நோக்கி விரல் உயர்த்திய முதல் நாள் அது.

“நல்லா இருக்கோ அவளின்ர கதை?” என்று கேட்டேன், அவர் செருப்புப் போடும்போது.

“ஆரின்ர?”

“அதுதான், உங்கட ஆங்கிலக்காரி.”

“நீரும் ஒருக்கால் கேட்டுப் பாருமன். தலைக்குள்ள தண்ணி ஊத்தின மாதிரி.”

நான் கேட்கவில்லை. கேட்டால் அவளை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பட்டது. ஆனால் கதிரையில் இருந்து அவருடைய முகத்தைப் பார்ப்பேன். எனக்குத் தெரியாத எதையோ கேட்டுக்கொண்டு அவர் நித்திரைக்குள் போவதைப் பார்ப்பேன். சில நாள் உதட்டில் ஒரு சிரிப்பு நிற்கும். எழும்பும்போதும் என் கை தேவைப்படவில்லை. சரியாக ஒன்று ஐம்பதுக்குத் தானே கண் திறந்து, இயர்ஃபோனைச் சுருட்டி, சட்டைப் பையில் வைப்பார். அவருடைய பிரஷர் குறைந்தது. அதை டாக்டர் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷம் முழுதாக வரவில்லை என்பதையும் அன்றே எழுதி வைத்திருக்கிறேன்.

நான் ஒரு நொத்தாரிசுக்குக் காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். வேலை வீட்டில்தான். வடக்கு எல்லை, கிழக்கு எல்லை என்று ஒரு சொல் பிழைத்தால் காணியே கைமாறிப் போகும் என்பதால், எதையும் இரண்டு தரம் வாசிக்காமல் வெளியே விடுவதில்லை. ஒரு வியாழக்கிழமை உறுதிகளைக் கொடுக்க நான் கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டி இருந்தது. அவர் கைகழுவப் போனபோது ஃபோன் கட்டிலில் கிடந்தது. செயலியில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று இசையின் அளவு, மற்றது குரலின் அளவு. குரலின் கோட்டை விரலால் இழுத்து முழுதாகக் குறைத்தேன். இசையை விட்டுவிட்டேன். அவள் இல்லாமலும் அவர் நித்திரை கொள்வார் என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். அவர் வந்து, கண்ணாடி போடாமல், நடுவில் உள்ள பெரிய பொத்தானை மட்டும் அமர்த்திவிட்டுச் சரிந்தார். 1.25க்கு நான் கதவைச் சாத்தினேன். பஸ்ஸில் இருக்கும்போது எனக்கு மனம் லேசாக இருந்தது.

கொட்டாஞ்சேனையில் நொத்தாரிசு இல்லாமல் காத்திருந்து, வீடு திரும்ப ஐந்தாகிவிட்டது. எட்டு மணிக்கு அவர் வந்தார். சட்டையைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

“இண்டைக்கு முதலாளி சாகப் பாத்தார்” என்றார்.

முதலாளிக்கு நீரிழிவு. சாப்பாட்டுக்கு முதல் இன்சுலின் போட வேண்டும். ஒன்று நாற்பத்தைந்துக்குக் கடையிலேயே ஊசியைப் போட்டுக்கொள்வார். இரண்டு மணிக்கு இவர் படியேறுவார், இரண்டு பத்துக்கு முதலாளியின் வீட்டில் சாப்பாடு தயாராக இருக்கும். பதினொரு வருடத்தில் ஒரு நாளும் பிழைக்காததால், இவர் வந்த பிறகு ஊசி போடுவோம் என்று அவர் யோசித்ததே இல்லை. அன்று என் கணவர் கண் திறந்தது இரண்டு முப்பத்தைந்துக்கு. கடையிலிருந்து எடுத்த அழைப்பு ஒன்றும் உள்ளே வரவில்லை. அவர் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது முதலாளி காசு மேசையில் வேர்த்து நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். மேசையை விட்டு எழும்பவில்லை. வேலை செய்யும் பிள்ளை ஒன்று சீனி கரைத்துக் கொடுத்திருக்கிறது. மூன்று மணிக்குத் தெளிந்துவிட்டார்.

“ஏசினவரோ?”

“ஏசியிருந்தால் பரவாயில்லை. ‘உமக்கும் வயசு போகுது’ எண்டார்.” அவர் ஃபோனை என்னிடம் நீட்டினார். “கடைசியில அவள்தான் எழுப்பிறவள். இண்டைக்கு அவளின்ர சத்தமே இல்லை. இந்தச் சனியனை அழிச்சு விடும்.”

நித்திரையாக்குவது மட்டுமல்ல, எழுப்புவதும் அவள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எதையும் இரண்டு தரம் வாசிக்கிற நான் அவளை ஒரு தரமும் முழுதாகக் கேட்கவில்லை. ஃபோன் கையில் இருந்தது. அழிப்பதற்கு இரண்டு தரம் விரல் வைத்தால் போதும். எனக்கு அரை மணித்தியாலமும் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு, “வயசு போகுதுதான் போல” என்று இன்னொரு தரம் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“நான்தான் அவளின்ர சத்தத்தைக் குறைச்சனான்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஏன்?”

“நான் கதைச்சால் விரலைத் தூக்கிறியள். அவள் சொன்னால் தாடையைத் தளர விடுறியள்.”

சட்டையின் பொத்தான்களைக் கழற்றினார். பிறகு சொன்னார்: “நீர் கதைச்சால் நான் பதில் சொல்ல வேணும். லிஃப்டுக்கும் சுவருக்கும் அக்காவுக்கும் பதில் சொல்ல வேணும். அவள் ஒண்டும் கேக்கிறேல்லை. அதுதான் நித்திரை வருது.” எழும்பிப் போகும்போது, “ஃபோனோட பொறாமைப்படுற மனுசி வெள்ளவத்தை முழுக்கத் தேடினாலும் நீர் ஒராள்தான்” என்றார். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னார், நான் செய்ததையும் மறைக்காமல்தான் சொன்னார். அன்றிலிருந்து சாப்பாடு அடுக்குக் கரியரில் கடைக்குப் போனது. அவர் கடையின் மேல்மாடியில் துணிக்கட்டுகளுக்கு நடுவில் படுத்தார், அவளோடு. எட்டு நாட்கள். எட்டு நாளும் ஒன்று இருபதுக்கு நான் அந்தக் கதிரையில் இருந்தேன். அவர்கள் இப்போது எந்த இடத்தில் இருப்பார்கள் என்று கணக்குப் பார்த்தேன்: தோள், தாடை, ஒன்றுமே செய்யவேண்டாத இடம்.

ஒன்பதாம் நாள் சரியாக ஒரு மணிக்குக் கதவு திறந்தது. மேல்மாடியில் வெக்கை தாங்கவில்லை என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று பழகினேன். அவர் வழமையைவிட வேகமாகச் சாப்பிட்டு, ஒன்று பதினைந்துக்குக் கட்டிலில் சரிந்து, ஃபோனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஒண்டு இருபத்தைஞ்சு வரையும் கதையும்” என்றார். “பிறகு நான் படுக்க வேணும்.”

கதைத்தேன். லிஃப்டைப் பற்றிக் கதைக்கவில்லை. சரியாக ஒன்று இருபத்தைந்துக்கு அவர் இயர்ஃபோனை எடுத்தார். நான் பாதி வசனத்தில் நிறுத்தினேன்.

இப்போது இதுதான் ஒழுங்கு. எனக்குப் பத்து நிமிடம், அவளுக்கு இருபத்தைந்து. ஒவ்வொரு நாளும் இரண்டையும் எழுதி வைக்கிறேன். என் பத்து நிமிடத்தில் அவர் ஒரு தரமும் சிரித்துக்கொண்டு கண்மூடவில்லை.