போயிருக்கிறார்

யாங்கோனில் காலையில் படி இறங்கினால் எதிரே வருகிறவர்கள் "எங்கே போறீங்க?" என்று பர்மியில் கேட்கிறார்கள். இங்கே அது வணக்கம் சொல்வது மாதிரி. தூத்துக்குடியில் வெளியே கிளம்புகிறவரிடம் யாராவது அப்படிக் கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது என்று அம்மா மறுபடி உள்ளே அழைத்து, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பாள். கல்யாணமாகி இங்கே வந்து ஆறு வருடமாகியும் அந்தக் கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை.

யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் எங்கள் கீழ்வீட்டில் இருந்தவள் மும்தாஜ். அவள் கணவர் மலேசியாவில் ஓட்டல் வேலையில் இருக்கிறார்; போய் மூன்று வருடம். அவரைப் பார்த்துவர விசா கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். நான் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுப்பவள். அதனால் எல்லோருக்கும் நான் 'சயாமா', டீச்சரம்மா. 'என் கணவர் மலேசியாவுக்குப் போயிருக்கிறார்' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்து, 'ஹேஸ் பீன் டு மலேசியா' என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் கதவைத் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது.

"சயாமா, அவுக திரும்பி வந்துட்டாகளாம்."

"யார் சொன்னது?"

"விசா ஆபீஸ்ல. 'உங்க வூட்டுக்காரர்தான் வந்துட்டாரே, அங்க யாரப் பாக்கப் போறீங்க'ன்னு கடுதாசியத் திருப்பிக் குடுத்துட்டாங்க. போன் அடிக்கிறேன், எடுக்கல. வந்தவுக எங்க போனாக? வேற வூடு இருக்கா?"

பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அவள் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். 'ஹேஸ் பீன்' என்றால் போய்த் திரும்பியவர். 'ஹேஸ் கான்' என்றால் போனவர், இன்னும் அங்கேயே இருப்பவர். நம்முடைய 'போயிருக்கிறார்' இரண்டுக்கும் பொது. பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் பாடம்தான்.

"தப்பு என்னோடது மும்தாஜ். 'கான்'னு எழுதியிருக்கணும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது வேணாம் சயாமா. மவுத்தாயிப் போனவுகளுக்கும் இங்கிலீஷ்ல அதத்தான சொல்றாங்க?"

கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டு, மலேசியாவில் வேலை செய்கிறார் என்று எழுதினேன். சாயங்காலம் அவள் கணவரே கூப்பிட்டார். வேலை நேரத்தில் போனை வாங்கிப் பூட்டிவைத்துவிடுவார்களாம். அவள் அழுததை மாடியிலிருந்து கேட்டேன். இம்முறை விசா ஆபீஸில் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். போன மாதம் அவள் விமானம் ஏறினாள்.

நேற்று பபேடான் கடைத்தெருவில் பஸ் ஏறும்போது அம்மா போனில் அழைத்தாள். அவள் பக்கத்தில் யாரோ விருந்தாளி. "மக ரங்கூனுக்குப் போயிருக்கா" என்று அவரிடம் அவள் சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "எப்ப வருவான்னு கேக்காவ. என்னட்டி சொல்ல?" என்றாள். எனக்கு ஒரு கால் படியில் இருந்தது, ஒரு கால் தரையில். ஏறுங்கள், இல்லையென்றால் இறங்குங்கள் என்று டிரைவர் பர்மியில் கத்திக்கொண்டிருந்தார்.