இரண்டு கட்டில்கள், ஒரே சர்க்கரை

அந்தப் பெண் மூச்சு விட்ட விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. முகப்பேரிலிருந்து வந்த கல்லூரி மாணவி. படுத்தபடியே யாரையோ துரத்திக்கொண்டு ஓடுபவள்போல் ஆழமாகவும் வேகமாகவும் இழுத்து விட்டாள். பக்கத்தில் குனிந்தால் கனிந்து அளிந்த பழக்கூடையின் வாசனை. எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுக்கும் பகலுக்கும் ஒரே வெள்ளை வெளிச்சம்தான். அந்த வெளிச்சத்தில் அந்த வாசனை மிதந்தபோது, கோயம்பேட்டுப் பழச்சந்தை ஏசி போட்டுக்கொண்டு அம்பத்தூரில் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டதாகத் தோன்றியது. அடுத்த கட்டிலில் டிரைவர் அண்ணன். பூந்தமல்லித் தடத்தில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். அவரிடம் சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. வறண்ட உதடு, சுருங்கிய தோல், எங்கோ தொலைவில் நடக்கும் தூக்கம். நான் இருவருக்கும் பொதுவான நர்ஸ். பயந்தால் ஜோக் அடிக்கும் வியாதி எனக்கு உண்டு. அன்று நிறைய ஜோக் அடித்தேன்.

இருவருக்கும் சர்க்கரைதான். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்த அந்தப் பெண், ‘சாப்பிடலையே, ஊசி எதுக்கு?’ என்று இன்சுலினை நிறுத்தியிருக்கிறாள். ஒரே நாளில் ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது. அதைத்தான் அவள் மூச்சால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். அண்ணனுடையது நாள்கணக்கில் ஊர்ந்து வந்தது. காலில் ஒரு புண், மாத்திரை மறதி, வெயில் தாகம் என்று பாட்டில் பாட்டிலாகக் கூல்டிரிங்ஸ். சர்க்கரை ஏற ஏற உடம்பின் தண்ணீரெல்லாம் சிறுநீராக இறங்கி, கடைசியில் நினைவும் வற்றிவிட்டது. உடம்பில் கொஞ்சம் இன்சுலின் மிச்சமிருந்ததால் அமிலம் மட்டும் சேரவில்லை. புதிதாகச் சேரும் நர்ஸ்களிடம் இப்போதும் இதைத்தான் சொல்கிறேன்: சத்தம் போடும் கட்டிலுக்கு எல்லோரும் ஓடிவிடுவோம், சத்தமில்லாத கட்டில்தான் அதிக ஆபத்து.

மறுநாள் மதியம் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து என்னிடம், “அண்ணா, என் போன் எங்க?” என்றாள். டிரைவர் அண்ணன் அப்படியே கிடந்தார். அவர் மனைவி இரண்டு கட்டில்களையும் மருந்து ஏற்றும் இரண்டு பம்புகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, படிச்ச பொண்ணுக்கு ஒரு மருந்து, பஸ் ஓட்றவருக்கு ஒரு மருந்தா? அதே நோவுதான? இவருக்கு மட்டும் ஏன் மெதுவா உடுறே? வேகமா உடு!”

முதலில் தண்ணீரைத் தாராளமாகவே ஏற்றியிருந்தோம். இனிச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால் மூளை வீங்கும், மெதுவாகத்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனாலும் என் விரல் பம்பின் பொத்தான் வரை போய்த் திரும்பியது. என் நெஞ்சை யாராவது மானிட்டரில் மாட்டியிருந்தால் எனக்கும் ஒரு கட்டில் போட்டிருப்பார்கள். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“அக்கா, கூட்டமா போற பஸ்ஸுக்கு அண்ணன் சடன் பிரேக் போடுவாரா?”

“போட்டா நிக்கிறவங்கல்லாம் உழுந்துடுவாங்களே.”

“அவ்ளோதான்க்கா. வண்டி இப்ப எக்கச்சக்க வேகத்துல கீது.”

அவர் என்னை முறைத்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நினைவு திரும்புகிறதா என்று அவ்வப்போது பெயரையும் ஊரையும் கேட்டுப் பார்க்க வேண்டும். பெயருக்கு அண்ணன் அசையவில்லை. நான் காதருகில் குனிந்து, “அண்ணே, பூந்தமல்லியில வண்டி எடுத்தாச்சு. அடுத்து எந்த ஸ்டாப்பு?” என்றேன். மாலையில்தான் உதடு அசைந்தது.

“கரையான்சாவடி...”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த ஸ்டாப்பான குமணன்சாவடி அவர் வாயில் வர நெடுநேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் பிரிவு முழுவதுமே மெல்ல நகரும் பஸ்ஸாக எனக்குத் தெரிந்தது. மானிட்டர்கள் கடைத்தெரு விளக்குகள்போல் மினுங்கின, நாங்கள் எல்லோரும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தோம். பொறுக்க முடியாமல் நான் மறுபடி குனியப்போனபோது அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“சும்மா இரு தம்பி. அவரா ஓட்டட்டும்.”

காட்டுப்பாக்கம் மறுநாள் காலையில் வந்தது. அதற்கடுத்த ஐயப்பன்தாங்கலை அவர் சொல்லவில்லை, கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், யாரென்று தெரியவில்லை. பிறகு மனைவியைப் பார்த்தார்.

“நீ எப்போ ஏறுனே?”

அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் எங்கய்யா எறங்குனேன், ஏறுறதுக்கு?”