காரியின் கொம்பில் ஒரு பிரேம்

எங்கள் எருமை காரி நாடுகாணிக்குப் போய்விட்டது என்று அம்மா சொன்ன காலையில் எனக்கு ஒன்பது வயது. முந்தின நாள் சாயங்காலம்கூட ஜெகதளாவில் எங்கள் கொட்டகையில் நின்று புல் தின்றுகொண்டிருந்தவள், ராத்திரியோடு ராத்திரியாகக் கூடலூர் தாண்டி எப்படிப் போனாள் என்று நான் கேட்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் அப்படியே நம்பிவிடும் ரகம் நான். அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் குளிர் குறைவு, பாலும் நன்றாகக் கறக்கும் என்று காரணமும் சொன்னார்கள்.

காரி என்றால் எனக்கு உயிர். பள்ளி விட்டதும் பையைக் கடாசிவிட்டுக் கொட்டகைக்குத்தான் ஓடுவேன். அவளுடைய வலது கொம்பில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். பாதியில் விட்டுப்போய், கொஞ்சம் தள்ளி ஒரு பொட்டோடு முடியும். அந்தக் கோட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு அன்றைக்குப் பள்ளியில் நடந்ததையெல்லாம் ஒப்பிப்பேன். இருட்டுகிற நேரத்தில் கொட்டகைக் கதவைச் சாத்திக் கொண்டி போடுவதும் என் வேலைதான். கொண்டி என் தலைக்கு மேலே இருந்தது. எம்பித் தடவி வளையத்தில் மாட்டிவிட்டு ஓடி வருவேன். மூடுபனி இறங்கினால் எனக்கு ஒன்றுமே தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் சாப்பிடாமல் அழிச்சாட்டியம் செய்தேன். அம்மா வேறு வழியில்லாமல் நாடுகாணிக்குப் போன் போட்டாள். போனுக்குள்ளிருந்து காரி நீளமாகக் கத்தினாள். குரலில் கொஞ்சம் சளி கட்டியிருந்தது. இடம் மாறினால் அப்படித்தான் என்று நானே சமாதானம் செய்துகொண்டு சோற்றில் கை வைத்தேன்.

அதே வாரம், யாரும் சொல்லாமலே, அம்மா என்னைக் குன்னூருக்குக் கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் ஆறு என்றார் டாக்டர். அம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி அழுதாள். ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அம்மாவின் தம்பி, என் மாமா, குன்னூர் பஜாருக்குப் பின்னால் குடியிருந்துகொண்டு கையாலேயே கண்ணாடி பிரேம் செய்பவர். பிளாஸ்டிக் தகட்டிலும் செய்வார், கொம்பிலும் செய்வார். மார்கழிக் குளிரில் கம்பி பிரேம் மூக்கைக் கடிக்கும், கொம்பு கடிக்காது என்பதால் பங்களாக்காரர்கள் கொம்பைத்தான் கேட்டு வாங்குவார்கள். மாமா வாய் ஓயாத மனிதர்; ஆடு மாடு மாதிரிக் கத்தியும் காட்டுவார். அளவெடுக்கும்போது என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, அம்மிணிக்கு எடது காது ஒரு அரிசி கீழ இருக்குதுங்க. செஞ்சவன் அவசரத்துல செஞ்சுட்டான்” என்றார். வழுவழுப்பான அட்டையை என் மூக்கின்மேல் வைத்து வளைத்து, கத்தரித்து, மறுபடி வைத்து, அந்த வளைவு மட்டும் சரியாக வருவதற்கு அரைநாள் ஆனது.

மூன்று வாரம் ஆகும் என்றார். சனிக்கிழமைதோறும் அம்மாவோடு போய் நின்று பார்த்தேன். பிளந்த கொம்பைக் கரி அடுப்பில் வாட்டி இளக்கி, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து முறுக்கித் தட்டையாக்கியிருந்தார். அதில் கோடு இழுத்து, நூல் மாதிரி மெல்லிய ரம்பத்தால் இரண்டு வட்டங்களை அறுத்தார். அரம் போடப் போட, முடி கருகுகிற வாசம் அறையெல்லாம் அடித்தது. கண்ணாடி உட்காரும் பள்ளத்தை உள்பக்கமாகச் செதுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். கை ஒரு மயிரிழை தப்பினால் அத்தனையும் வீண். எனக்கு ஆச்சரியமாக இருந்ததெல்லாம், என் பிரேமைச் செய்த அந்த மூன்று வாரமும் அவர் ஒரு கேலிகூடப் பேசாததுதான்.

கடைசிச் சனிக்கிழமை, பவர் கண்ணாடியைப் பொருத்தி, காதுக்குப் போகும் கம்பைச் சூடாக்கி ஒரு அரிசி அளவு இறக்கி, என் முகத்தில் மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகளில் இலை இலையாகத் தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை தேயிலை என்பது எனக்கு ஒரு பச்சைக் கம்பளிதான். மாமாவின் கண் சிவந்திருந்தது தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன்.

மூக்குக்கு நேர் மேலே, கறுப்பு பிரேமில், ஒரு வெள்ளைக் கோடு. பாதியில் விட்டுப்போய், கொஞ்சம் தள்ளி ஒரு பொட்டு.

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். கிட்டத்தில் இருப்பது எனக்கு எப்போதுமே நன்றாகத் தெரியும். கன்னத்தில் வைத்தும் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

“இது காரி! நாடுகாணின்னு சொன்னீங்க!” என்று கத்தினேன். போனில் கத்தியதும் இந்த மாமாதான் என்பது அந்த நொடியில் விளங்கியது. “கொம்புக்காகக் காரியக் கொன்னுட்டீங்க மாமா!”

“அய்யோ, இல்ல சாமி! அது ராத்திரி கதவத் தொறந்துட்டுப் போயி பள்ளத்துல…” என்று ஆரம்பித்தாள் அம்மா.

மாமா அவளைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “ஆமா அம்மிணி. நாந்தான் கொன்னேன்” என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கோட்டை அவர் அறுத்து எறிந்திருக்கலாம். ஆனால் அது என் மூக்குக்கு மேலே நட்ட நடுவில் வரும்படி பார்த்து வெட்டியிருந்தார். குருடிக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருப்பார் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. தூக்கி எறியத்தான் நினைத்தேன். ஆனால் அது காரி ஆயிற்றே, எப்படி எறிவது? அழுதுகொண்டே மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போனேன். முதல் தடவையாக அந்தக் கதவு எனக்கு முழுசாகத் தெரிந்தது. கொண்டி, வளையம், எல்லாம் பளிச்சென்று இருந்தன. வளையத்துக்குப் பக்கத்து மரத்தில், இரண்டு விரல் தள்ளி, கீறல்கள். ஒன்றிரண்டு அல்ல, கொண்டியின் முனையால் யாரோ நாள் தவறாமல் குத்திக் குத்தி மரமே குழிந்து போயிருந்தது. காரியின் கதவை இப்படிப் பாழாக்கியது யார் என்று எனக்குக் கோபம் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மா அந்தக் குழியை விரலால் தடவிவிட்டு என் கண்ணாடியைப் பார்த்தாள். “எலி சொரண்டியிருக்கும் சாமி” என்றாள்.

எலியை நம்பினேன். மாமா கொன்றார் என்பதையும் நம்பினேன். ஒரு வருடம் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கொம்பு காய்ந்தால் வெடித்துவிடும் என்று அவர் மாதம் தவறாமல் குன்னூரிலிருந்து வருவார். உறைந்து கிடக்கும் தேங்காய் எண்ணெயை எங்கள் அடுப்போரம் வைத்து உருக்கி, என் கண்ணாடிக்குத் தடவித் துடைத்து, இடது பக்கத்தை ஒரு அரிசி சரிசெய்து, நான் பார்க்காமல் நீட்டும் கையில் வைத்துவிட்டுப் போவார்.