நாக்கைத் தூக்கு

என் அண்ணன் முபஷ்ஷிரின் வாய்க்குள் இந்த உலகத்திலேயே அதிகம் எட்டிப் பார்த்தவள் நான்தான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை. இப்படிப் பதினாலு வருடம். மாத்திரையைக் கையில் வைப்பேன், தண்ணீர் கொடுப்பேன். "வாயத் தொறண்ணா. நாக்கத் தூக்கு." தூக்குவார். அடியில் மாத்திரை ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் ஒரு எலுமிச்சை மிட்டாய் கொடுப்பேன்.

இருபத்தேழு வயதில் அவருக்கு அந்த நோய் வந்தது. காதுக்குள் ஆட்கள் பேசுகிறார்கள் என்றார். மருந்தில் அடங்கியது. ஒரு மாதம் மாத்திரைகளை எல்லாம் கன்னத்துக்குள் ஒதுக்கி, பிறகு துப்பியிருக்கிறார், நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு நாள் ஆளைக் காணோம். மூன்றாம் நாள் சவுக்குத் தோப்பில், மணலைத் தின்றபடி கிடைத்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தச் சோதனை. போலீஸ்காரி தோற்றாள் என்னிடம்.

மாத்திரையால் வாய் எப்போதும் காய்ந்து கிடக்கும். மிட்டாய் போட்டால் கொஞ்சம் எச்சில் ஊறும் என்பார். ஒன்றுக்கு ஐந்தாகக் கொடுத்தேன். அதுவும் மருந்துதானே என்று எனக்கு நினைப்பு.

மாமல்லபுரத்தில் என் வீட்டுக்காரர் ஹமீது நடத்தும் கடையில் அண்ணன் தொப்பி விற்றார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வெள்ளைக்காரியின் தலையில் தொப்பியை வைத்து, கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, வாய் நிறையச் சிரிப்பார். வேண்டாம் என்று வந்தவளும் வாங்கிக்கொண்டு போவாள். நாலு வருடத்துக்கு முன்னால் அந்த முன்பற்கள் கறுத்தன, ஒன்று பாதியாக உடைந்தது. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அப்படித்தான் என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். ஒரு நாள் ஒரு சின்னப் பெண் அவர் சிரிப்பைப் பார்த்துப் பயந்து அழுதுவிட்டது. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, ஆனால் வாயில் வடிகட்டி கிடையாது.

"மச்சான், நீ பின்னாடி கோடவுன்லயே இருந்து சரக்கு எடுத்துக் குடு. அது போதும்."

அன்றிலிருந்து வாயில் துண்டைப் போட்டுக்கொண்டார். பேச்சு குறைந்தது. டீக்கடைக்குப் போவது நின்றது, பிறகு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவதும் நின்றது. "ஒதுங்கி ஒதுங்கிப் போறாரு சார்" என்று மனநல டாக்டரிடம் சொன்னேன். எந்த நாளிலிருந்து என்று சொல்லத் தோன்றவில்லை. எல்லாப் பழியும் போட ஒரு நோய் கைவசம் இருந்தது.

போன ஜனவரியில் ஒரு காலை, துண்டை எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஃபைஸா, பல்லுக்குள்ள எவனோ சுத்தி வச்சி தட்டிகினே கீறாம்மா."

அந்த ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அன்றைக்கே மனநல டாக்டரைப் பார்க்கச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினோம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு டாக்டர், "பல்லுல வலி ஏதாவது இருக்கா?" என்று அவரைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். முன்ன காதுல கேட்டது, இப்ப பல்லுல கேக்குதாம்."

அண்ணன் என் பக்கம் திரும்பியது கண்ணோரத்தில் தெரிந்தது. நான் திரும்பவில்லை.

மருந்தைக் கூட்டினார்கள். இரண்டு வாரம் படுத்தே கிடந்தார். கை நடுங்கியது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு சுத்தியலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மருந்து பிடித்துவிட்டது என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

ரமலான் வந்தது. நோயாளிக்குக் கடமையில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் எப்போதோ சொல்லிவிட்டதால் அண்ணன் நோன்பு வைப்பதில்லை. இந்தத் தடவை அவராகவே, "நான் நோன்பு புடிக்கிறேன்" என்றார். முப்பதும் வைத்தார். விடியுமுன் சஹருக்கு இரண்டு வாய் மோர் சோறு. நோன்பு திறக்கும்போது கஞ்சி மட்டும், அதுவும் ஆறவைத்து. வடை, சமோசாவைத் தொடவில்லை.

"நாக்க அடக்கிட்டாரு பாரு. நாமளும்தான் நோன்பு வைக்கிறோம், மஃரிப் ஆனா மாடு மாதிரி மேயறோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

பெருநாள் பிரியாணியில் அண்ணன் கையை வைத்து எடுத்துவிட்டார். மறுநாளே, விருப்பமுள்ளவர்கள் வைக்கும் ஆறு நோன்பு. அது முடிந்ததும் திங்களும் வியாழனும். மறுபடி போக ஆரம்பித்த பள்ளிவாசலில் எல்லோர் முன்னாலும் ஹஜ்ரத் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். பைத்தியம் என்று தெருவில் விலகிப் போனவர்கள் அவருக்கு முதலில் சலாம் சொன்னார்கள். துண்டுக்கு மேலே அந்தக் கண்கள் மினுங்கியதைப் பார்த்து நான் அடுப்படியில் நின்று அழுதேன். இளைத்துக்கொண்டே போனார். எல்லாம் மார்க்கப் பேணுதல் என்றோம்.

ஜூனில் ஒரு வியாழன், பொழுது சாயும் அஸர் தொழுகை நேரம். துண்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மூச்சு கரகரவென்றது. துண்டை நானே இழுத்தேன். தாடைக்கும் கழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் வீங்கியிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. தண்ணீர் கொடுத்தேன், விழுங்க முடியாமல் வெளியே வழிந்தது. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினோம்.

அங்கே பல் டாக்டர் ஹரிப்ரியா என்று ஒரு சின்ன வயதுப் பெண். "எத்தன நாளா வலி?" என்றாள்.

"ரெண்டு நாளா இருக்கும் மேடம்" என்றேன்.

"உங்களக் கேக்கல, அவரக் கேக்கறேன்."

அவருக்குப் பேச்சு வரவில்லை. பேனாவும் காகிதமும் கொடுத்தாள். அந்த நடுங்கும் கையால் எழுதினார்: ஜனவரி. கீழே இன்னொரு வார்த்தை: சொன்னேன்.

கடைவாய்ப் பல்லின் வேரில் கட்டிய சீழ் கழுத்துக்கு இறங்கிவிட்டது என்றாள் ஹரிப்ரியா. இந்த மாத்திரைகள் வாயைக் காய வைக்கும், எச்சில் இல்லாவிட்டால் பல் சொத்தையாகும், மிட்டாய் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும் என்றாள். டார்ச்சை அணைத்துவிட்டு ஆற்றாமையோடு கேட்டாள்: "இத்தன வருஷத்துல இவர் வாய யாருமே பாத்ததில்லயாம்மா?"

பத்தாயிரம் தடவை பார்த்திருப்பேன். மாத்திரையைத் தேடின கண்ணில் பல் படவில்லை. பாவி நான்.

கழுத்தைக் கிழித்துச் சீழை எடுத்தார்கள். ஒன்பது நாள் உயிருக்கும் மவுத்துக்கும் நடுவில் கிடந்தார். பிழைத்தார். புண் ஆற ஆற, ஒரு பல் மிச்சமில்லாமல் எடுத்துவிட்டார்கள். பல் செட் கட்டித் தருகிறோம் என்று ஹரிப்ரியா இரண்டு தடவை ஃபோன் செய்தாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். நாற்பத்தொரு வயது ஆளுக்குக் கிழவர் முகம். நோன்பும் வைப்பதில்லை, பள்ளிவாசலுக்கும் போவதில்லை.

"இப்ப ஒரு தொந்தரவும் இல்ல. மச்சான் நல்லாயிட்டாரு" என்கிறார் என் வீட்டுக்காரர்.

நான் தினமும் கேட்கிறேன். "எங்கனாச்சும் வலிக்குதாண்ணா? எதுவா இருந்தாலும் சொல்லுண்ணா." அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். இவளிடம் எதைச் சொன்னால் வம்பில்லை என்று யோசிப்பது தெரிகிறது. "இல்லம்மா" என்கிறார். நான் நம்பவில்லை. ஆனால் இனி அவர் என்னிடம் சொல்ல மாட்டார்.

இன்று காலையும் மாத்திரை கொடுத்தேன். தண்ணீர் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டு, "காட்ட வேணாண்ணா, நான் நம்பறேன்" என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து இதையேதான் சொல்கிறேன். அவர் கேட்பதில்லை. அந்த வெறும் ஈறுகளை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுகிறார். நான் குனிந்து பார்த்து முடிக்கும்வரை வாயை மூடுவதில்லை.