தூங்கும் குழந்தைக்கு ஒரு பார்சல்

கள்ளக்குறிச்சியில் நானும் என் கணவரும் சிறிய பிரியாணிக் கடை நடத்துகிறோம். கடைக்குப் பின்னால் உள்ள தெருவுக்கு நள்ளிரவு வரை வீடு தேடிப் பார்சல் கொடுக்க நகராட்சியிடம் அனுமதி கேட்டிருந்தோம். அதை நம்பி இரண்டாவது வண்டியும் வாங்கிவிட்டோம். தெருக்காரர்கள் சம்மதித்தால் தரலாம் என்று பதில் வந்தது.

மற்றவர்கள் சரி என்றார்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் செல்வி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “ராத்திரில வண்டி வந்துக்கினே இருந்தா எம்புள்ள எப்டிங்க தூங்கும்?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “நாளைக்கு மத்தியானம் புள்ள தூங்கறப்ப வண்டிய அனுப்பறேன். முழிச்சிக்கினா இந்தப் பேச்சையே வுட்டுடறேன்” என்றேன்.

மறுநாள் செல்வி வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. உள்ளே தூளியில் குழந்தை தூங்கியது. எங்கள் டெலிவரிக்காரர் குமார் தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் நின்று பார்சலை எடுக்கப் பையைத் திறந்தார். மூடியின் வெல்க்ரோ பட்டை ‘டர்ர்ர்’ என்று பிரிந்தது. தூளி அசைந்தது.

குழந்தை லேசாகச் சிணுங்கி, விரலைச் சூப்பியபடி மறுபடி தூங்கிப்போனது.

சந்தோஷத்தில் என்னை மறந்து படபடவென்று கை தட்டிவிட்டேன். குழந்தை வீறிட்டு அழுதது.

தெருவே சிரித்தது. தூளியை ஆட்டிக்கொண்டே செல்வி சொன்னாள், “வண்டி வரட்டுங்க. நீங்க வராதீங்க.”

அனுமதி கிடைத்தது. இப்போது பைகளில் வெல்க்ரோவைப் பிரித்துவிட்டு ஜிப் தைத்திருக்கிறோம். செல்வி வீட்டுப் பக்கம் போனால் நான் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.